இரு முனைக்கும் ஒரே எண்

ஸ்கார்வே தீவுக்குக் கப்பல் வந்தால் கயிறு பிடித்துக் கட்டுபவள் இஷ்பெல். மற்ற நேரத்தில் ஆடு மேய்ப்பாள். தீவின் இணையமும் அவள் பொறுப்புதான். எந்த நிறுவனமும் கடல் தாண்டி வரத் தயாராக இல்லாததால் தீவுக்காரர்களே ஆன்டெனாக் கம்பம் நட்டார்கள். "யார் பார்த்துக்கறது?" என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். இஷ்பெல் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலை அவள் தலையில் விழுந்தது. கையேட்டைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டாள்.

மறுகரைக் குன்றில் இன்னொரு கம்பம் உண்டு. அதன் அடியில் ஆட்டுக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு ரவுட்டர். அதுவும் இஷ்பெல் வீட்டு ரவுட்டரும் கடலுக்கு மேலே நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். இடையில் மூன்றாம் ஆள் கிடையாது. தீவுக்கு இணையம் வருவதே அக்கரை வழியாகத்தான். வியாழக்கிழமை இடி விழுந்து அக்கரை ரவுட்டர் கருகிப் போனது. இஷ்பெல் தன் ரவுட்டரின் அமைப்புகளை அப்படியே இன்னொன்றில் ஏற்றி, சனிக்கிழமைக் காலைக் கப்பலில் அனுப்பினாள். அக்கரையில் இருந்த கொழுந்தன் லாக்லன் அதை மாட்டினான்.

விளக்கு பச்சையாக எரிந்தது. ஆனால் ஒரு செய்தியும் போகவில்லை.

பக்கத்து வீட்டு ரூரி வாசலில் வந்து நின்றான். திங்கள் காலை அவன் அலுவலகத்தார் திரையில் வந்து பேசுவார்கள். தீவிலிருந்தே வேலை பார்க்க முடியுமா என்று அன்றைக்கே முடிவு. முடியாதென்றால் அவன் குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விடும். பள்ளியில் இருப்பதே அவன் பிள்ளைகள் இருவர்தான்.

"அக்கா, பெட்டி கட்டச் சொல்லிடவா?"

"கட்டின பெட்டியைப் பிரிக்கற வேலை எனக்கு வேண்டாம். சும்மா இரு."

காற்று எழும்பி மாலைக் கப்பல் நின்றுவிட்டது. மறுநாள் ஞாயிறு, ஓய்வுநாள். அன்று கப்பலும் வராது, யாரும் வேலையைத் தொடவும் மாட்டார்கள். இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும்.

லாக்லனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, பச்சை விளக்கு எரியுதே, இன்னும் என்ன வேணும்? பாட்டுப் பாடணுமா?"

"பாடினா போதும். நீ எதையும் தொடாதே."

"நானா தொடுவேன்? செருகச் சொன்னா செருகுவேன். அதுக்கு மேல நான் ஆட்டுக்காரன்."

இஷ்பெல் திரையையே உற்றுப் பார்த்தாள். அமைப்புகளை அப்படியே ஏற்றினோமே. அப்படியென்றால் தன் ரவுட்டரின் முகவரி எண்ணும் கூடவே போயிருக்கும். இக்கரையும் எண் ஒன்று, அக்கரையும் எண் ஒன்று. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால் எங்கே போகும்?

"அந்த ரவுட்டரை இங்க கொண்டுவர முடிஞ்சா எண்ணை மாத்திடலாம்," என்றான் ரூரி.

"எதுக்கு? அது மாறாட்டி நான் மாறிட்டுப் போறேன். இருக்கறதே ரெண்டு முனை. யாரு ஒண்ணு, யாரு ரெண்டுன்னா என்ன?"

தன் முனைக்கு இரண்டு என்று எண் கொடுத்தாள். அதிலிருந்து அக்கரை ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வந்தது.

ரூரி கை தட்டினான். அவள் திரும்பவில்லை. பாதி வேலைதான் ஆகியிருந்தது. இணையத்துக்கு வழி தீவுப் பக்கம் என்று அக்கரை ரவுட்டர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. அதுவும் அவளிடமிருந்து நகலானதுதான். அவள் கணினியிலிருந்து அதற்குள் போக முடியவில்லை. தன் ரவுட்டர் வழியாகவே நுழைந்தாள். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டும் வேலை அது. தவறான வரியைத் தொட்டால் திரும்பி உள்ளே போக முடியாது. ஒவ்வொரு வரியையும் தட்டியபின் உரக்கப் படித்தாள், பிறகுதான் பொத்தானை அழுத்தினாள். இரு கரையையும் இணைக்கும் எண்ணை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

ரூரியின் கைபேசி ஒலித்தது. தேங்கிக் கிடந்த செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன.

திங்கள் காலை இஷ்பெல் துறையில் கயிற்றோடு நின்றபோது ரூரி மேட்டிலிருந்து ஓடி வந்தான். காலில் செருப்பில்லை.

"இங்கயே இருக்கலாமாம்கா!"

"அப்போ அந்தக் கயிறைப் பிடி," என்றாள் அவள்.

கப்பலிலிருந்து லாக்லன் கத்தினான்: "அண்ணி, எண்ணைப் பழையபடி மாத்திட்டீங்களா?"

"ஓடறதை எதுக்கு நோண்டணும்?"

"அப்போ நாங்க ஒண்ணு, நீங்க ரெண்டு! ஊரெல்லாம் சொல்லிடறேன்!"

"சொல்லிக்கோ," என்று கயிற்றை இழுத்துக் கட்டினாள் இஷ்பெல். "ரெண்டு இல்லாட்டி உன் ஒண்ணு யார்கிட்டப் பேசும்?"