ஏழாம் நம்பர் மேசையும் மரியதாஸ் அண்ணனும்

மரியதாஸ் அண்ணன் இன்று விடியற்காலை போய்விட்டார்...

பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் பேத்திதான் போன் பண்ணினாள். எங்கள் குடும்பத்தில் முதல் நர்ஸ் அவள். "அப்பாயி, வலியே இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள்.

அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. இரண்டு வருடமாகப் படுக்கை, தண்ணீர்கூட ஸ்பூனில். அவ்வளவு சுத்தமான மனுஷருக்கு அது போதும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பண்டாரவளைப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்று இருந்தது. இப்போது இல்லை. அங்கே இவர் ஹெட் வெய்ட்டர். வெள்ளைக் கோட், பித்தளைப் பட்டன், சத்தமே வராத நடை.

நான் அங்கே ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டேன். எழுபதுகளில், தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம்.

நான் பங்களாவில் பிள்ளை பார்த்த தொரைசாணி ஊருக்குக் கப்பல் ஏறும் முன்னால், "நீயும் உன் புருஷனும் ஒரு நாள் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்" என்று அந்த ஹோட்டலில் சொல்லி வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்குப் பகல் சாப்பாடு. நாள் மட்டும் நாங்கள் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. தோட்டத்துக்குப் புது மேனேஜராக வந்த தொரை லீவே தரமாட்டார். ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும்போது, "நாளைக்குக் கொழும்பில் மீட்டிங், இருக்க மாட்டேன்" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

போதாதா... மறுநாள் எங்கள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்!

கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். கல்யாணச் சேலைதான் கட்டியிருந்தேன்.

கஞ்சி போட்ட மேசை விரிப்பு, விசிறி மாதிரி மடித்த சேர்வியட் துணி. ஆளுக்கு மூன்று கரண்டி, இரண்டு கத்தி. ஊரே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அங்கே வெண்ணெயைப் பூப்போல் சுருட்டி வைத்திருந்தார்கள்.

மரியதாஸ் அண்ணன் நாற்காலியை இழுத்து விட்டார். எனக்கு! அதுவரைக்கும் யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. இடப்பக்கமாக வந்து சூப் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை.

இரண்டு வாய் குடித்திருப்போம்... வாசலில் தொரை. கூட இரண்டு சிநேகிதர்கள்.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஆனால் தோட்டத்தில் பிறந்த உடம்பு, தொரை வந்தால் தானாக எழும்பிவிடும். இரண்டு பேரும் சடாரென்று எழும்பி நின்றோம். கழுத்தில் சேர்வியட்டோடு.

அந்த ஹாலில் எழும்பி நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். தொரை நேராக எங்களைப் பார்த்தார்.

பொய்க் காய்ச்சல் என்றால் பேர் வெட்டுவார்கள். வேலை போனால் லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பராவும் போகும். ஆறு மாதப் பிள்ளையோடு எங்கே போவது?

அண்ணன் குறுக்கே வந்தார், பெரிய சூப் பாத்திரத்தோடு. குரலே உயர்த்தாமல், "உக்காருங்க. எழும்புனா சாப்பாடு முடிஞ்சதுன்னு அர்த்தம். இன்னும் மீனே வரல" என்றார்.

"அண்ணே, அவரு எங்க தொர..."

"தோட்டத்துலதான் தொர. இங்க அவரு நாலாம் நம்பர் மேச. நீங்க ஏழாம் நம்பர்."

உட்கார்ந்தோம். அவர் போய்த் தொரையை நாலாம் நம்பருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியை இழுத்துப் போட்ட விதத்தில் தொரையின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மீன் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் தொடவில்லை.

"நாளைக்கே பேர வெட்டிருவாரு. சூப்பு குடிக்க வந்து சோத்துல மண்ணப் போட்டுக்கிட்டேன்."

"அதான் பாத்துட்டாருல்ல. திங்காம போனா மட்டும் விட்ருவாரா? சாப்பிடுங்க." அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "ஏங்க... இவரு கொழும்புலல்ல இருக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சேர்வியட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். கோழி ரோஸ்ட், கேரமல் புடிங் எல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

இருந்தாலும் பயம் போகவில்லை. மறுநாள் பெரட்டுக்கு அவர் போன பிறகு நான் சோறே ஆக்கவில்லை.

பகலில் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். தொரை கூப்பிட்டு, "காய்ச்சல் எப்படி?" என்று கேட்டாராம். "கொறஞ்சிருச்சுங்க தொர."

"காய்ச்சல்னா வீட்டுலயே இருக்கணும். வெளிய போகக் கூடாது. போனாலும் யாரையும் பாத்தேன்னு சொல்லக் கூடாது. வெளங்குச்சா?"

நல்லாவே விளங்கியது! அப்புறம்தான் நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

பிறகு பல வருடம் கழித்து அண்ணனை பதுளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "அன்னைக்கு தொர ஒங்கள்ட்ட எங்களப் பத்தி என்னண்ணே கேட்டாரு?"

"எந்தத் தொர?"

"அதாண்ணே, கொழும்பு மீட்டிங்குக்குப் போன தொர!"

"நான் தட்டத்தான் பாப்பேன் தங்கச்சி. மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

கடைசிவரை சொல்லவேயில்லை. நானும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் அதே பெக்டரியில்தான் பென்ஷன் வாங்கினார். அதே காம்பராவில்தான் இன்னும் இரண்டு பிள்ளை பெற்றேன்.

நல்லபடியா போயிட்டு வாங்கண்ணே...

அடக்கம் நாளை பின்னேரம் மூன்று மணிக்கு. மழை பெய்தாலும் நாங்கள் இரண்டு பேரும் வருவோம்.