டாங்கிக்கு அடியில் ஒரு திருகு

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று மகன் கேட்பான். வீரபாண்டியைத் தாண்டி, சாயப்பட்டறை வாடை பின்தங்கியதும், பெரிய சாலையை விட்டு இறங்கிப் பொங்கலூர்ப் பக்கம் போகும் காட்டுப் பாதைகளில் ஓட்டுவது எனக்கு இன்னும் சலிக்கவில்லை. கிளம்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் சித்தி தவறாமல் கேட்பார்.

“பெட்ரோல் பாத்துட்டயா கண்ணு? உங்க சித்தப்பனாட்ட நடுவழியில நின்னு போயிறாதே.”

“பாத்துட்டனுங்க சித்தி” என்பேன்.

சித்தப்பா இறந்து பல வருடமாகிறது. அவர் மீதான அந்தப் பழி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது அவருடைய பழி அல்ல, என்னுடையது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சித்தப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் தெருவில் முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். சனிக்கிழமை மாலையானால் வாசலில் குந்தி, பனியன் வேஸ்ட் துணியால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். “பொண்ணு பாக்கப் போலாம் வாடான்னா, வண்டியவே பாத்துட்டு உக்காந்திருக்கறயே” என்று அப்பா சீண்டுவார். சித்தப்பா சிரித்துக்கொண்டே துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் உரியது. என்னை முன்னால் டாங்கியின் மேல் உட்கார வைத்துக்கொள்வார். இருபக்கமும் கிளுவை வேலி, அதற்கப்பால் ஆளுயரச் சோளத்தட்டு, வேலிக்கடியில் தலைகுனிந்து ஓடும் மயில்கள். இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிடுவார். சத்தமே இல்லாமல் வண்டி சரிந்துகொண்டே போகும். காதில் காற்று மட்டும். வாய்க்கால் பாலத்தில் இறங்கி, ஆளுக்கொரு வெள்ளரிப் பிஞ்சு தின்றுவிட்டுத் திரும்புவோம்.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு வேலை உண்டு. டாங்கிக்கு அடியில் ஒரு சின்னத் திருகு. இப்போது வரும் வண்டிகளில் அது கிடையாது. பெட்ரோல் தீரப்போகும்போது வண்டி இருமும். “திருப்பு கண்ணு!” என்று சித்தப்பா கத்துவார். நான் குனிந்து திருகைத் திருப்பினால், அடியில் மிச்சம் வைத்திருக்கும் ரிசர்வ் பெட்ரோலில் வண்டி மறுபடி ஓடும். பிறகு பங்க்கில் பெட்ரோல் போட்டதும் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை வண்டி இருமி எச்சரிக்காது. மொத்தமும் தீர்ந்து அப்படியே நின்றுவிடும். வண்டியில் பாதி என் பொறுப்பு என்ற நினைப்பு எனக்கு.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணமானது. சித்தியின் பிறந்த வீடு பொங்கலூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டுச்சேலையோடு சித்தி பின்னால் உட்கார, இருவரும் கிளம்பிப் போவார்கள். கைதூக்கி விடைகொடுக்கும் வேலை எனக்கு. பெட்ரோல் போடப் போகும்போது மட்டும் சித்தப்பா என்னைக் கூட்டிப்போவார். பங்க்குக்குப் போய்த் திரும்பும் அந்தச் சின்னத் தூரம் எனக்கு ஊர்வலம் போல இருக்கும்.

ஒருநாள் போகும் வழியிலேயே வண்டி இருமியது. நான் திருகைத் திருப்பினேன். பங்க்கில் பெட்ரோல் போட்டு வெளியே வந்ததும் சித்தப்பா வழக்கம்போலக் கேட்டார்.

“திருப்பி உட்டுட்டயா கண்ணு?”

“உட்டுட்டனுங்க சித்தப்பா.”

நான் திருப்பவில்லை. வெயிலில் வண்டி நிற்கும், பட்டுச்சேலையோடு சித்தி தள்ளுவார், ‘இனி இந்தக் கருமம் புடிச்ச வண்டியே வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் மனத்தில் ஓட்டிப் பார்த்தது அவ்வளவுதான்.

சித்தப்பா குனிந்து பார்க்கவில்லை. நான் சொன்னால் அவருக்குப் போதும். அந்த வாரமெல்லாம் கம்பெனிக்கு அதே வண்டியில் போய்வந்தார்.

அடுத்த ஞாயிறு விடிகாலையில் பொங்கலூரிலிருந்து ஒரு ஆள் சைக்கிள் மிதித்து வந்தார். சித்தியின் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். சித்தி அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டே ஓடிவந்து வண்டியில் ஏறினார். நான் வண்டியை ஒட்டித்தான் நின்றேன். திருகு ரிசர்விலேயே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் என் பொய் தெரிந்துவிடும். பங்க்குக்குக்கூட இனி கூட்டிப்போக மாட்டார். வண்டி எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தப்பா உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது.

மத்தியானம் பஸ்ஸில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்துப் பாதையிலேயே ஒப்பாரி கேட்டது. குறுக்குப் பாதையில், சுற்றிலும் ஆடுமாடு மேய்கிற காடு மட்டுமே இருக்கும் இடத்தில் வண்டி நின்றுவிட்டதாம். வண்டியைப் போட்டுவிட்டு இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போய், வழியில் கிடைத்த மாட்டுவண்டியில் ஏறி வந்திருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் உயிர் போயிருக்கிறது. “பாப்பா வந்திருச்சா, பாப்பா வந்திருச்சான்னு வாசலவே பாத்துட்டுக் கெடந்தாருங்களே” என்று ஒரு பெண் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். சித்தி அழவில்லை. புழுதி படிந்த கால்களை நீட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தார்.

சித்தியின் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏனுங்க மாப்பிள்ளை, வண்டி வெச்சிருக்கறவரு பெட்ரோல் இருக்குதான்னு பாக்க மாட்டீங்களா?”

“என் தப்புத்தானுங்க. பாக்காம எடுத்துட்டு வந்துட்டனுங்க.”

சொல்லிவிட்டுச் சித்தப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதன்பின் சித்தி அந்த வண்டியில் ஏறவே இல்லை. பிறந்த வீட்டுக்குப் பஸ்ஸில் போவார். பஸ்ஸுக்குப் பின்னால் சித்தப்பா வண்டியில் தனியாகப் போவார். விசேஷ வீடுகளில் யாராவது எதையாவது மறந்தால், “இவனும் சித்தப்பனாட்டத்தான்” என்று சிரிப்பார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

வெகுகாலம் கழித்து நான் சொந்தமாக ஒரு வண்டி வாங்கினேன். அதிலும் அந்தத் திருகு இருந்தது. முதல்முறை வண்டி இருமியதும் என் கை தானாகக் கீழே போனது. சாலையோரம் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு அந்தக் காட்டுக்குள் சித்தப்பாவின் கையும் இப்படித்தான் போயிருக்கும். ஏற்கெனவே ரிசர்வில் இருந்த திருகைத் தொட்டிருக்கும். நான் வண்டி வாங்கியபோதும் அவர் உயிரோடுதான் இருந்தார். வண்டியைக் காட்ட அவர் வீட்டுக்குப் போனேன். “நல்லா இருக்குது கண்ணு” என்று ஹாண்டில்பாரைத் தடவிப் பார்த்தார். நான் சொல்லாமலே திரும்பினேன்.

சித்தியின் அப்பா இறந்த அந்த நாட்களில், வண்டியில் சித்தியின் இடம் காலியானதால் ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி எனக்கே கிடைத்தன. துக்கம் கழிந்து முதன்முதலாகப் பெட்ரோல் போடப் போனபோது சித்தப்பா என்னை எதுவும் கேட்கவில்லை. என் முழங்காலை மெல்ல ஒதுக்கிவிட்டு, தானே குனிந்து திருகைத் திருப்பினார். அதற்குப் பிறகு எப்போதும் அவரேதான் திருப்பினார். நான் பெரிய பையனாகிவிட்டேன், அந்தச் சில்லறை வேலை இனி எனக்கில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.