எல்லோரும் இருக்க வேண்டிய அட்டை

ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, சிப்பாய் பெல்மீரோ முதலில் மீசையை வரைகிறான். மீசை வந்துவிட்டால் அதற்குப் பின்னால் சார்ஜென்ட் லொபாத்தோ தானாக வந்து நின்றுவிடுவார். அடுத்து ஒரு தொப்பை. அது சமையல்காரன் குஸ்தோதியோ. எச்சில் பட்டதும் மையாக மாறும் பென்சில் என்பதால் பெல்மீரோவின் நாக்கு எந்த நேரமும் ஊதாவாகவே இருக்கும். புதிதாக வந்த முகாம் வைத்தியர் அதைப் பார்த்து ஏதோ காட்டுக் காய்ச்சல் என்று பதறி, அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். அவனும் வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்கச் சுகமாகத் தூங்கினான்.

காலி பீர்ப் பெட்டிதான் அவனுக்கு மேஜை. வியர்வை சொட்டிப் படம் கரைந்துவிடாமலிருக்க மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொள்வான். அவர்கள் சண்டைக்கு வந்திருக்கும் ஆப்பிரிக்கக் கினியின் ஈரக்காற்றில், வரைந்த கேலிப்பட அட்டைகள் அப்பளம் நமுத்ததுபோல் ஆகிவிடும் என்று, ஒரு பிஸ்கட் டின்னில் அரிசியைக் கொட்டி அதற்குள் செருகி வைத்திருக்கிறான்.

"என் அரிசிடா அது!" என்பான் குஸ்தோதியோ. "ஒரு நாள் அதையே ஆக்கிப் போடுறேன். எல்லாரும் ஊதாவா ஏப்பம் விடுங்க."

அட்டைகளில் அப்படி என்ன வேடிக்கை என்றால், ஒன்றில் கொசுக்கள் வரிசையாக நின்று சார்ஜென்ட்டுக்குச் சல்யூட் வைக்கும். இன்னொன்றில் குஸ்தோதியோவின் கருவாட்டுக் குழம்பை எடுத்துப் பூட்ஸின் அடிப்பாகத்தை ஒட்டுவார்கள். வாரம் ஒன்று வரைவான். தபால் விமானம் அதைத் தலைநகருக்குக் கொண்டுபோகும். அங்கே அச்சடித்து, போர்த்துக்கல்லின் மலையூர்களில் இருக்கும் அவர்கள் வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று அனுப்பிவைப்பார்கள். கேப்டன் ஒரே நிபந்தனைதான் போட்டிருக்கிறார்: "ஆறு வரையாதே. பாலம் வரையாதே. காயம் வரையவே வரையாதே. கொசு மட்டும் எத்தனை வேணும்னாலும் போட்டுக்கோ."

ஊரில் அம்மாக்கள் சிரிப்பதற்காகவா அதை வாங்கிப் பார்க்கிறார்கள்? அவர்கள் தலை எண்ணுகிறார்கள். படைப்பிரிவில் இருப்பவன் ஒவ்வொருவனும் ஒவ்வோர் அட்டையிலும் இருப்பான் என்பது அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட சட்டம். மகன் எழுதும் கடிதத்தில் "நலம்" என்றுதான் இருக்கும், அதை யார் நம்புவது? அவர்களில் ஒருவனான அதேரித்தோவின் அம்மா பெர்பேத்துவாவுக்கு அந்த எழுத்தும் தெரியாது. கடிதம் வந்தால் பாதிரியாரைத் தேடிப் போகவேண்டும். அட்டை வந்தால் யாரும் வேண்டாம். கூட்டத்துக்கு நடுவில் முறம்போல இரண்டு காது தெரிந்தால் அது அவள் பிள்ளை.

இந்தச் சட்டம் தெரியாமல் பெல்மீரோ ஒரு முறை மாட்டிக்கொண்டான். அட்டையின் ஓரத்தில் இடம் போதாமல் செஃபெரீனோவை விட்டுவிட்டான். அட்டை கைக்கு வந்த அன்றே செஃபெரீனோவின் அம்மா, மகன் செத்துவிட்டான் என்று துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திவிட்டாள். கோயிலில் பூசைக்குச் சொல்லி, மகனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்துத் தங்கை மகனுக்குக் கொடுத்தும் விட்டாள். இங்கே செஃபெரீனோ குத்துக்கல்லாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தான்.

"உன்னால என் கோட்டு போச்சு மாப்ளே," என்று இன்றுவரை இடிக்கிறான். "அந்தப் பய அதைப் போட்டுக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போயிருக்கான். பொண்ணும் சரின்னுட்டாளாம்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெல்மீரோ மட்டும் சிரிக்கமாட்டான். அந்த முறைக்குப் பிறகு எந்த அட்டையையும் அவன் ஒரே தடவை எண்ணிவிட்டு விடுவதில்லை. முடித்த அட்டையில் தலைகளை எண்ணுவான், படுத்த பிறகு எழுந்து வந்து மறுபடியும் எண்ணுவான். தன்னை மட்டும் அவன் முதுகுப்புறமாகத்தான் வரைவான். கால்சட்டையின் பின்பக்கத்தில் சதுரமாக ஓர் ஒட்டு இருந்தால் அது பெல்மீரோ. தன் மூஞ்சி தனக்கே வரைய வரவில்லை என்று அதற்குக் காரணம் சொல்வான்.

இந்த வாரம் அட்டையில் மீசை இருக்கிறது, தொப்பை இருக்கிறது, செஃபெரீனோ ஒன்றுக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருக்கிறான். காதுகள் மட்டும் இல்லை.

சில நாட்களுக்கு முன் ரோந்து போன பாதையில் கண்ணிவெடி வெடித்தது. ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய வெட்டவெளி வரைக்கும், அடிபட்ட அதேரித்தோவை முதுகில் சுமந்து வந்தவன் பெல்மீரோதான். பாதி வழியில் காதருகே குரல் கேட்டது. "டேய், இந்த வாரப் படத்துல என்னை விட்டுறாதடா. அம்மா தேடும்." அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. ஹெலிகாப்டர் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கம்பியில்லாத் தந்திக்காரனைக் கேட்டால், "வந்தா சொல்லமாட்டேனா? சும்மா சும்மா வந்து உசிரை எடுக்காதே," என்று எரிந்து விழுகிறான். அவனும் அதேரித்தோவின் ஊர்க்காரன்தான்.

தபால் விமானம் வரும் நாள் வந்துவிட்டது. பீர்ப் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"காதைப் போடு," என்றான் குஸ்தோதியோ. "அந்தம்மா இந்த ஒரு வாரமாவது நிம்மதியா சாப்பிடட்டும்."

"போட்டுட்டு, அட்டைக்கு முன்னாடி சாவுத் தந்தி போய்ச் சேர்ந்தா?" என்றான் செஃபெரீனோ. இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "புள்ள செத்துட்டான்னு அழுதுக்கிட்டிருக்கறவ கையில, இளிச்சுக்கிட்டு நிக்கிற புள்ளய குடுப்பியா?"

"போடலேன்னா அட்டை வந்த அன்னிக்கே அவ கறுப்பு உடுத்திடுவாடா. உங்கம்மா உடுத்தலையா?"

சார்ஜென்ட் லொபாத்தோ மீசையை மென்றுகொண்டு நின்றார். எதற்கும் கட்டளை போடுகிற மனிதர். "நீயே பாத்துக்கோப்பா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பெல்மீரோ பென்சிலை நாக்கில் தொட்டான். நாக்கு வறண்டு கிடந்ததால் கோடு விழவில்லை. சிரிக்கிற முகம் வரைந்தால் அது பொய். வலியில் சுளித்த முகத்தைக் கேப்டன் விடமாட்டார், விட்டாலும் ஒரு தாய்க்கு அனுப்புகிற படமா அது? தூரத்தில் விமானத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. அட்டையின் ஓரத்தில், தான் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். குஸ்தோதியோ தண்ணீர்க் குவளையை நீட்டினான். அதில் பென்சிலை நனைத்துக்கொண்டு பெல்மீரோ குனிந்தான்.

இரண்டு கால்கள். பின்பக்கத்தில் சதுர ஒட்டு. அதற்கு மேல் பெல்மீரோவின் முதுகு வரவேண்டிய இடத்தில் இன்னொருவன் முதுகு வந்தது. பின்மண்டையும், அதன் இருபுறமும் முறம்போல இரண்டு காதுகளும் வந்தன. அதேரித்தோவைச் சுமந்துகொண்டு பெல்மீரோ அட்டைக்குள் நடந்துபோகிறான், இருவர் முகமும் தெரியவில்லை. மீசைக்காரச் சார்ஜென்ட்டின் வாயருகே, "நடக்கச் சோம்பலா, ராஜா?" என்று எழுதினான்.

யாரும் சிரிக்கவில்லை. செஃபெரீனோ குனிந்து தலைகளை எண்ணினான். "எல்லாரும் இருக்கோம்," என்றான்.

கேப்டன் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். காயம் எங்கும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

விமானி இயந்திரத்தைக்கூட நிறுத்தவில்லை. பையை வாங்கிக்கொண்டு, கடைசியாக அட்டைக்குக் கை நீட்டினான். பெல்மீரோ ஒரு முனையை விடாமல் பிடித்திருந்தான்.

"விடுப்பா. அதெல்லாம் காஞ்சிடுச்சு," என்றான் விமானி.

காய்ந்துதான் இருந்தது. பெல்மீரோ குனிந்து, காயத்துக்கு ஊதுவதுபோல, அந்தக் காதுகளின் மேல் இன்னொரு முறை மெல்ல ஊதினான். பிறகுதான் விரலை எடுத்தான்.