தெருவுக்கு வைத்த பெயர்

லகோவா தூர்வா ஊரில் பெல்மீரோவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவனைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எல்லோரும் கொஞ்சம் யோசிப்பார்கள். சொல்லும்படியாக அவன் எதுவும் செய்ததில்லை. மேட்டுப் பண்ணைகளில் கறந்த பாலைக் கேன்களில் வாங்கி, இரண்டு கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு வந்து ரயிலடிப் பக்கம் பாலாடைக்கட்டி செய்யும் கொட்டகையில் இறக்குவான். பதினான்கு வயதில் தொடங்கிய வேலை. நல்ல சாப்பாட்டுக்காரன். யாராவது வேடிக்கையாகப் பேசினால் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வரும். தங்கை ஒதேத் அதைச் சொல்லியே சீண்டுவாள்: "நேத்து சொன்னதுக்கு இன்னிக்காவது சிரிச்சு முடிச்சியாண்ணே?"

1944இல் இத்தாலிச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பெரிய பண்ணைக்காரர் ஒரு கடிதம் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அப்பா லாசரோ தொப்பியை மாட்டிக்கொண்டு பண்ணை வாசல்வரை போனார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். பட்டியலில் தச்சர் வீட்டு ஜுவெனாலும் இருந்தான், இன்னும் இரண்டு ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தன் மகன் இடத்துக்கு அவர்களைப் போல இன்னொருவனைத்தானே அனுப்புவார்கள் என்று மனைவியிடம் சொன்னார். அம்மா எத்தெல்வீனா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பெல்மீரோ கேட்டது ஒன்றுதான்: பால் யார் எடுத்து வருவது? நான் எடுக்கிறேன் என்றார் அப்பா.

இத்தாலியிலிருந்து நான்கு கடிதங்கள் வந்தன. குளிர் எலும்பில் ஏறுகிறது, டப்பா இறைச்சி சலித்துவிட்டது, பீன்ஸும் மக்காச்சோளக் களியும் கண்ணிலேயே இல்லை என்று எழுதியிருந்தான். மூன்றாவதில் ஒரு சேதி இருந்தது. மலைமேல் காவலிருக்கும் ஆட்களுக்குச் சாப்பாடும் தோட்டாவும் கோவேறு கழுதைமேல்தான் போகிறதாம். அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று தெரிந்ததும் அந்த வேலையிலேயே போட்டுவிட்டார்களாம். "இதுங்களுக்கு இத்தாலி பாஷைதான் புரியுது. நான் திட்ட மட்டும் கத்துக்கிட்டேன்" என்று முடித்திருந்தான். அம்மா அந்த வரியை ஒதேத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

மார்ச் மாதத்தில் ஸ்டேஷன் மாஸ்டரே தந்தியை எடுத்துக்கொண்டு வந்தார். பிப்ரவரியில் கடமையில் உயிர் நீத்தான், அவ்வளவுதான் அதில் இருந்தது. ஒதேத் படித்தாள். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அது அடிப்பிடிக்காமல் கிண்டி முடித்து, பானையை இறக்கி வைத்து, அதன் பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

செப்டம்பரில், தங்கள் நாட்டுச் சுதந்திர தினத்தன்று, நகரசபை அவன் பெயரை ஒரு தெருவுக்கு வைத்தது. பேண்டு வாத்தியம் வந்தது. நகரசபை உறுப்பினர் ஒருவர் பேசினார். தன்னந்தனியாக எதிரியின் இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து, ஏழு பேரைச் சாய்த்து விழுந்த வீரன் என்றார். லாசரோ தரையைப் பார்த்தபடி நின்றார். துணியை இழுத்ததும் நீலத் தகடு தெரிந்தது: சிப்பாய் பெலார்மினோ தெரு.

"யாரு இந்தப் பெலார்மினோ?" என்று அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

தகடு செய்தவன் பிழை, சீக்கிரம் மாற்றிவிடலாம் என்றார் உறுப்பினர். பேண்டு மறுபடி வாசிக்கத் தொடங்கியது.

கூட்டத்தில் ஜுவெனாலும் நின்றிருந்தான். ஜூலையிலேயே ஊர் திரும்பியவன், இரண்டு மாதமாக இவர்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. எதிரே வந்தாலும் வேறு சந்தில் திரும்பிவிடுவான். அன்று மத்தியானம் அம்மா ஒதேத்தை அனுப்பி அவனைக் கூப்பிட்டாள்.

"அந்தாளு பேசுனது நெசமா?"

"இல்லம்மா," என்றான் ஜுவெனால்.

நடந்ததை அவன் சொன்னான். மேலே குழிக்குள் கிடந்தவர்களுக்குப் பெல்மீரோ கழுதைகளில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு வந்தான். பாதையெல்லாம் பனிக்கட்டி. மற்றவை மேலே ஏறிவிட்டன, கடைசிக் கழுதை மட்டும் சறுக்கி, சுமையோடு படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குண்டு விழ ஆரம்பித்தது. விட்டுட்டு வா என்று சார்ஜென்ட் கத்தினார். சுமை இருந்தால் அது எழுந்திருக்காது என்று இவன் வார் அவிழ்க்கத் திரும்பிப் போனான். அவிழ்த்தும் விட்டான். கழுதை எழுந்து மேலே வந்துவிட்டது. அடுத்த குண்டு அவன் பக்கத்தில் விழுந்தது.

"அவன் கொண்டாந்த சாப்பாட்ட அன்னிக்கு நாங்க சாப்பிட்டோம்மா. நானும் சாப்பிட்டேன். அதான் உங்க மொகத்துல முழிக்க முடியல."

அம்மா கேட்டாள்:

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சரி. இப்பயும் சாப்பிட்டுட்டுப் போ," என்று தட்டை எடுத்து வைத்தாள்.

அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரியிலும் பெல்மீரோவுக்காகத் தேவாலயத்தில் திருப்பலி வைத்தார்கள். பாதிரியார் முழுப்பெயரையும் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. ஜுவெனால் அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். லாசரோ சொன்னபடியே பால் எடுத்தார். லாரி வந்து அந்த வேலையே இல்லாமல் போகும்வரை ஒன்பது வருஷம் எடுத்தார். தகடு மட்டும் மாறவில்லை. ஒதேத் நகரசபைக்கு ஐந்து மனு எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்று இரண்டுக்குப் பதில் வந்தது. கை நிறையச் சாமான் இருந்தாலும் அம்மா அந்தத் தெரு வழியாக நடக்க மாட்டாள், தேவாலயத்தைச் சுற்றித்தான் வருவாள். 1957இல் அவள் இறந்தபோதும் தகடு அப்படியே இருந்தது.

1960 கடைசியில், இத்தாலியில் புதைத்தவர்களின் எலும்புகளை ரியோவுக்குக் கொண்டுவந்து கடற்கரையோரம் நினைவகத்தில் வைத்தார்கள். அடுத்த வருஷம் ஒதேத் போனாள். துணைக்கு ஜுவெனால் வந்தான். வாசல்வரை வந்தவன், நீ பார்த்துட்டு வா என்று படியில் உட்கார்ந்துவிட்டான். கீழ்த்தளத்தில் வரிசை வரிசையாகக் கற்கள். காவலுக்கு நின்ற சிப்பாய் பட்டியலைப் பார்த்து இடம் காட்டினான். பெல்மீரோ என்றே இருந்தது, குடும்பப் பெயரும் சரியாக இருந்தது. ஒதேத் எழுத்து எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மேலே போய் ஜுவெனாலைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவன் கல்லுக்கு முன் நின்று, தொப்பியைக் கழற்றி, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதான்.

கிளம்பும் முன் அலுவலகத்தில் பெயரை எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தக் காகிதத்தை நகரசபை மேசையில் வைத்த பிறகும் பதினான்கு மாதம் ஆனது. இந்தத் தடவை வாத்தியமும் இல்லை, பேச்சும் இல்லை. புதுத் தகடும் ஏணியுமாக ஒரு ஆள் வந்தான். ஒதேத் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

தெருக்காரர்கள் வாயில் பழைய பெயரே நின்றுவிட்டது. முனையில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் பெலார்மினோ ரொட்டிக்கடை என்று பலகையே எழுதி வைத்திருந்தார். ஒதேத் போய்ச் சொன்னாள்.

"ரெண்டும் ஒரே ஆளுதானேக்கா?" என்றார் அவர்.

"இல்ல. பெலார்மினோ ஏழு பேரக் கொன்னவன். எங்கண்ணன் பால்காரன்."

அவர் பலகையை மாற்றவில்லை. அவளும் அங்கே ரொட்டி வாங்குவதை நிறுத்தவில்லை, போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புதுத் தகடு மாட்டிய வாரம் லாசரோ பார்க்க வந்தார். எழுபத்தொன்பது வயது, கண் சரியாகத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். இறங்கித்தான் இருந்தது. ஒதேத் மறுநாள் காலையில் அந்த ஆளை மறுபடி ஏணியோடு வரச் சொல்லப் போனாள்.