பனைக்குத் தைத்த குளிர்ச்சட்டை

என் வாய் சும்மா இருக்காது. ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் எங்கள் தையல் ஃபாக்டரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த வாயால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் என்னோடு போயிற்று. ஒரே ஒரு தடவை மட்டும், பேசியது நானாக இருக்க, அடி வேறொருத்தி மேல் விழுந்தது. அந்த அம்சவேணி அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா ரங்கூனுக்குள்ளேயே தாமுவேயில் பிறந்தவள். அப்பா முனிசிபாலிட்டியில் சாக்கடை வேலை. கட்டிக்கொண்டவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் மேலிருந்து சரக்கு சரிந்து அவர் போய்ச் சேர்ந்தபோது மகன் பிரேம்நாத்துக்கு நாலு வயது. இன்னொரு கல்யாணத்துக்கு ஆள் வந்தது. "எனக்கு இருக்கிறது ஒரு குருத்து, அதுக்கு வெயில் படாம வளத்தா போதும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷ்வேப்யிதாவுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் மூன்றாவது லைனில் எனக்குப் பக்கத்து மெஷின் அவளுடையதுதான்.

நல்ல வேலைக்காரி. அதைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் மெஷினை நிறுத்திவிடுவாள். அந்த இரைச்சலில் எங்களுக்கு மனுஷர் கத்துவதே கேட்காது, இவளுக்கு மட்டும் பல்லி கேட்கும்! நான் நாக்கைத் தட்டிப் பல்லி மாதிரிச் சத்தம் கொடுப்பேன். அவள் காலை எடுத்துவிட்டு மேலே பார்ப்பாள். லைன் முழுக்கச் சிரிக்கும். கண்டுபிடித்ததும் என் முதுகில் ஒன்று வைப்பாள். பிரேம்நாத்துக்குத் தமிழ் பாதி, பர்மீஸ் பாதி. அம்மாவை "அமே" என்பான், என்னைச் "சித்தி" என்பான். அக்கா வாயில் சிரிப்பு வருவது அவனைப் பற்றிப் பேசும்போதுதான்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு புது ஆர்டர் வந்தது. தடிமனான வெள்ளைத் துணி. நெய்ததல்ல, கம்பளி மாதிரி அமுக்கிச் செய்தது. அதில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பை தைக்க வேண்டும். தலைப்பக்கம் வளைவு, அடியில் இழுத்துக் கட்டக் கயிறு, உச்சியில் ஒரு சாண் அகலத்துக்கு வலைத்துணி. இது என்ன சாமான், யாருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. படம் போட்ட அட்டையும் லேபிளும் பேக்கிங்கில்தான் வைப்பார்கள். பேக்கிங் வேறு கட்டடம்.

"ஏ சாந்தா, என்னடி இது?" என்று அக்கா கேட்டாள்.

"பொணத்துக்குப் போடுற பையிக்கா. வெளிநாட்டுல இப்படித்தான் உள்ள விட்டுக் கயித்தை இழுத்துக் கட்டிப் பொதைப்பாங்களாம்."

"யார் சொன்னா?"

"பேக்கிங்ல இருக்கிற பொண்ணு. கண்ணால படத்தைப் பாத்தாளாம்."

எந்தப் பெண்ணும் எதுவும் சொல்லவில்லை. மழைப் புழுக்கம், முதுகு வலி, ஓவர்டைம் வேறு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப இது கோடியாடி?" என்றாள். செத்தவர் மேல் போடுகிற கோடித்துணியைத் தன் கையால் தைக்கிறோம் என்று அவளுக்கு அன்றே மனதில் விழுந்துவிட்டது. வேலையை விட முடியுமா? தைத்தாள். ஆனால் தினம் ஃபாக்டரி ஆட்களை வீட்டில் விடுகிற ஃபெரி பஸ் ஏறுவதற்கு முன்னால் சோற்று டப்பாவில் கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரில் கையைக் கழுவுவாள். "இந்தக் கையோட போயி எப்படிடி புள்ளைக்குச் சோறு போடுவேன்?" என்பாள். நான் பையை என் மேல் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிப் பிணம் மாதிரி நின்று காட்டுவேன். கடவுளே, இந்த வயசில் அப்படி ஒரு ஆட்டம்.

அந்த வலைத்துணி ஊசிக்கடியில் வழுக்கிக்கொண்டே இருந்தது. "செத்தவனுக்கு எதுக்குக் காத்து?" என்று சொல்லி, அதன் மேல் ஒரு பட்டைத் துணியை வைத்து ஒரே ஓட்டாக அடித்து மூடிவிட்டேன். வேலை வேகமாக நடந்தது. என்னைப் பார்த்து லைனில் பாதிப் பேர் அப்படியே செய்தார்கள். அவசர ஆர்டர், செக்கிங்கிலும் யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் சாம்பிள் எப்படியோ அப்படியே தைத்தாள்.

ஆர்டர் முடிந்த அன்று, கறை பட்டது, கோணலானது என்று ஒதுக்கிய பைகளைச் சூப்பர்வைசர் மா கின், யார் தைத்தது என்று பாராமல், ஆளுக்கொன்று கொடுத்தாள். என்னுடையதைத் தன்லியினில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா தன்னுடையதை நுனிவிரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் நிற்குமிடத்தில் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் நெஞ்சு நோய்க்காரர், சாயங்காலமானால் குளிர் காய்ச்சல் வந்துவிடும். அதை அவருக்குப் போர்த்தினேன். "அடேயப்பா, அடுப்புப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு" என்றார். நான் சொன்ன பொய்க்கு நானே பயப்படுவேனா என்ன?

தீபாவளி கழிந்து பத்து நாள் இருக்கும். வார்டில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கும் பட்டியலில் பிரேம்நாத் பெயர் வந்துவிட்டது. அக்கா அன்றைக்கே வழி தேட ஆரம்பித்தாள். கலோ மலைக்கு மேலே ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஷாநவாஸ் என்று அவனோடு படித்த பையன் வேலை பார்த்தான். கொஞ்ச மாதம் அங்கே போய் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். பஸ் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். போகும்போது என் வீட்டுக்காரர்தான், "மலையில குளிர் எலும்பைக் கடிக்கும், இதைப் பையனுக்குக் குடு. நான் ரங்கூன்ல சமாளிச்சுக்குவேன்" என்று அந்த வெள்ளைப் பையை மடித்துக் கொடுத்தார்.

பிரேம்நாத்திடம் ஒரு தோள்பையும், இங்கே கொசுவுக்குப் போர்த்துகிற மெல்லிய போர்வையும்தான் இருந்தது. நான் பையை நீட்டினேன். அவனும் கை நீட்டினான். "நல்லா இருக்கே சித்தி, உள்ள பூந்துக்கலாம்" என்றான்.

அக்கா நடுவில் பாய்ந்து தட்டிவிட்டாள். "என் புள்ள மேல கோடி போடுறியாடி?"

பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "அமே, துணிதானே, விடு" என்று அவன் கெஞ்சினான். அக்கா என் கையைப் பிடித்தாள். "சாந்தா, உன் தாலி மேல சத்தியமா சொல்லு. இது கோடிதானா, இல்லையா?"

ஒரு வார்த்தை. "அக்கா, நான் சும்மா சொன்னேன், எந்தப் பொண்ணும் என்கிட்ட எதுவும் சொல்லல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எது தடுத்தது? எல்லார் முன்னாலும் தட்டிவிட்டாளே என்ற ஆத்திரம். மூன்று மாதம் பயங்காட்டியது பொய் என்று இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கம். "வேணாம்னா போ" என்று பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பியது. பிரேம்நாத் ஜன்னலில் கையாட்டினான். வீட்டுக்கு வந்து அதை மறுபடி என் வீட்டுக்காரர் மேல் போர்த்தினேன்.

பொங்கலுக்கு மறு வாரம் ஷாநவாஸ் போன் செய்தான். பிரேம்நாத்துக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், இருமல். பெயர் விசாரிப்பார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றிருக்கிறான். தோட்டத்துக் குடிசையில் படுக்கை. விடியற்காலையில் முட்டைக்கோஸ் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்குமாம். உரச்சாக்கைக் கழுவிப் போர்வை மேல் போட்டுக்கொண்டு படுத்தானாம். அக்கா அன்றைக்கே கிளம்பினாள். வழியெல்லாம் சோதனை, போய்ச் சேர இரண்டு நாள். அதற்குள் அவன் போய்விட்டான், கூட இருந்தவர்கள் எரித்தும் முடித்துவிட்டார்கள். ஒரு சின்னச் சட்டியில் சாம்பலும் அந்த மெல்லிய போர்வையுமாகத் திரும்பி வந்தாள்.

பதினேழாம் நாள் வேலைக்கு வந்தாள். மெஷினைத் துடைத்தாள், நூல் கோத்தாள், தைத்தாள். நான் இருபது நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நிஜமாகவே ஒரு பல்லி கத்தியது, எனக்கே கேட்டது. அவள் காலை எடுக்கவில்லை.

சித்திரையில் வரும் தண்ணீர்த் திருவிழா திஞ்சானுக்கு ஒரு மாதம் முன்னால் மா கின் எங்கள் லைனை நிறுத்தி மேஜையைச் சுற்றி வரச்சொன்னாள். முகம் கடுகடுவென்று இருந்தது. வெள்ளைப் பை ஆர்டரில் ஏகப்பட்ட புகார் என்றாள். போனில் ஒரு படம் ஓடவிட்டாள்.

ஏதோ குளிர் தேசம். தரையெல்லாம் பனி கரைந்து திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. ஒரு தோட்டத்தின் நடுவில் எங்கள் பை நிற்கிறது. வயதான ஒரு வெள்ளைக்காரர் குனிந்து அடிக்கயிற்றை அவிழ்த்து, மெதுவாக மேலே உருவுகிறார்.

உள்ளே பனைமரம்.

நம் பனை மாதிரியே விசிறி ஓலை, தண்டில் நார். ஓலைகளை மேலே சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். வேரைச் சுற்றிக் காய்ந்த சருகு குவித்திருந்தார். இந்தச் சாதிப் பனை குளிர் தாங்கும், ஆனாலும் கடுங்குளிர் மாதங்களில் குருத்துக்குள் ஈரம் உறையாமல் காக்க வேண்டும், அதற்குத்தான் இந்தச் சட்டை என்று மா கின் சொன்னாள். உச்சியில் வலை இருந்தால்தான் மூச்சு போய்வரும். வலையை மூடித் தைத்த பைகளில் உள்ளே வேர்த்து, ஈரம் இறங்கிக் குருத்து அழுகிவிட்டது. கிழவர் கட்டை அவிழ்த்து நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் கறுத்துப்போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எத்தனை வருஷம் வளர்த்தாரோ.

"மரத்துக்கா?" என்று அக்கா பர்மீஸில் கேட்டாள். "இது மரத்தை உயிரோட வைக்கிறதுக்கா?"

"ஆமாம், பின்னே எதுக்கு?" என்றாள் மா கின்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். ஃபெரி பஸ்ஸில் திட்டுவாள், மயிரைப் பிடித்து இழுப்பாள், நாலு பேர் பார்க்கக் காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழக்கம் போல இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நடுக்கம் ஆரம்பித்திருந்தது. அந்தப் பைக்குள் புகுந்து, வளைவை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஒளித்து வைக்கக்கூட எனக்கு நேரமில்லை. அக்கா வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள்.

நான் அவள் காலில் விழுந்தேன். "அக்கா, எந்தப் பொண்ணும் சொல்லல. நானா சொன்னேன். பொய்யிக்கா, எல்லாம் பொய்."

"தெரியும்" என்றாள்.

"மா கின் சொல்லித்தானே?"

"இல்லடி. பஸ் ஸ்டேஷன்லயே தெரியும். நான் சத்தியம் கேட்டேன், நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட. பதினெட்டு வருஷமா உன்னைப் பாக்கிறேன், உன் பொய்யி எனக்குத் தெரியாதா?" அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "பொய்யின்னு தெரிஞ்சும் வாங்க மனசு வரல சாந்தா. ஒருவேளை நெசமா இருந்துட்டா? அந்த ஒருவேளைக்குப் பயந்தேன். அவன் ரெண்டு கையையும் நீட்டினான்டி. நான்தான் தட்டிவிட்டேன்."

இரண்டு பேரும் அழுதோம். அவள் தலையை என் தோளில் வைக்கவில்லை. நானும் அவளைத் தொடவில்லை. எனக்குத் தைரியமில்லை.

அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உச்சியைத் தடவிப் பார்த்தாள். வலை மேல் பட்டை வைத்து மூடியிருந்தது. கோணல் ஓட்டு, என் தையல். தன் கைப்பைக்குள்ளிருந்து நூல் வெட்டியை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுக்க ஆரம்பித்தாள். அவர் அசையாமல் படுத்திருந்தார். பட்டை முழுசாகக் கழன்றதும் அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"இப்ப மூச்சு விடுங்கண்ணே" என்றாள்.