சிரிப்பு சேராத கண்ணீர்

சித்தி யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். எதிரில் இருப்பவர் எத்தனை முறை இமைக்கிறார் என்று பேசிக்கொண்டே விரல் மடக்கி எண்ணுவாள். "நிமிஷத்துக்கு நாலு தடவைதான் கொட்டுற. போன்லயே குடித்தனமா?" என்று தீர்ப்பு வரும். அவள் வேலை செய்யும் இடத்தின் காவலாளி இப்போதெல்லாம் அவள் தலை தெரிந்தாலே படபடவென்று இமைக்க ஆரம்பித்துவிடுகிறார். "பாஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

அவள் வேலை கண்ணீர் எடுப்பது. கான்டாக்ட் லென்ஸ் பற்றி ஆராய்ச்சி நடக்கும் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு ஐஸ் பெட்டி, நூல் மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய்கள். ஒரே லென்ஸைத்தான் எல்லோருக்கும் தருகிறார்கள். ஒருவருக்குச் சாயங்காலம் வரை கண் குளுகுளுவென்று இருக்கிறது, இன்னொருவருக்கு மதியமே மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது. ஏன் என்பதுதான் கேள்வி. கண்ணின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஈரத்தில் விடை இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்த ஈரத்தைக் கண்ணின் ஓரத்திலிருந்து, தொட்டதே தெரியாமல், குழாயில் இருக்கும் கறுப்புக் கோடு வரை எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும்.

அழுதால் வருகிற கண்ணீர் ஆகாது. சிரித்து வருவதும் ஆகாது. அது குபுகுபுவென்று வந்து, பாலில் தண்ணீர் கலந்த மாதிரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அந்த அறையில்தான் எங்கள் குடும்பத்திலேயே அதிகம் சிரிக்க வைக்கும் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சித்தி வேண்டுமென்று செய்வதில்லை. பயந்து உட்கார்ந்திருப்பவரிடம், "பயப்படாதீங்க, ஊரு கண்ணுல வெரல விட்டு ஆட்டுறதுதான் என் வேலை. அதுக்குச் சம்பளமும் குடுக்குறாங்க" என்று சாதாரணமாகத்தான் சொல்வாள். குழாய் நிரம்பி வழியும். குப்பைக்குப் போகும்.

லென்ஸ் போட்டுப் பார்க்க வந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக் கதை இன்னும் மோசம். ஐம்பது வயது, சிரிக்கவே தெரியாதவர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். லென்ஸைக் கொடுக்கும்போது சித்தி, "கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்துக்கணும் அண்ணே" என்று சொல்லியிருக்கிறாள். அவர் போய் விட்டுக்கொண்டார். கண்ணுக்கு ஒரு சொட்டு.

அடுத்த வாரம் எடுத்த கண்ணீரில் எண்ணெய் மினுமினுத்தது. ஆராய்ச்சியை நடத்துகிறவரை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். சித்தியைவிட வயதில் சின்னவர். அவர் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தார். "இப்படி ஒரு எண்ணெய்ப் படலத்த நான் யாருக்குமே பாத்ததில்லக்கா" என்று சித்தியின் கையைப் பிடித்துச் சொன்னாராம். மூன்றாம் நாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார். "அந்தத் தங்கச்சிதான் விடச் சொன்னாங்க" என்று பதில் வந்தது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவிப் பரிசோதித்துவிட்டு, புது லென்ஸ் கொடுத்து அவரை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

"அக்கா, இது ஆராய்ச்சிக்கூடமா, சிரிப்பு மன்றமா?" என்று பெரிய மேடம் கேட்டார். "வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் வராங்க. ஒண்ணு கெட்டாலும் நீங்க பாட்டில் கழுவுற ரூமுக்குப் போயிடுங்க."

அந்த அறையில் ஜன்னல்கூடக் கிடையாது. "பாட்டில் கண்ண எங்கடி எண்ணுறது?" என்று சித்தி என்னிடம் கேட்டாள். வீட்டில் அன்று சாப்பிடும்போது யாருடைய இமையையும் அவள் எண்ணவில்லை. சித்தப்பா பயந்துபோய்த் தானாகவே இமைத்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். லென்ஸ் போட்டுப் பார்க்கும் எட்டுப் பேரில் நான் ஏழாவது. சித்தி இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "வாயில கிராம்பு வச்சிருக்கேன். சிரிப்பு வந்தா கடிச்சுக்குவேன்" என்று உதடு அசையாமல் என்னிடம் சொன்னாள். "உக்காருங்க. மேல பாருங்க. ஆச்சு." முதல் ஆறு பேரிடம் அவள் பேசியது அவ்வளவுதான். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு குழாய் நன்றாக வந்தது. என்னுடையதும் வந்தது. எடுத்தபின் கால் மணி நேரம் அங்கேயே ஓரமாக உட்கார வேண்டும் என்பது விதி. அதனால் எட்டாவது ஆளையும் பார்த்தேன்.

மெக்கானிக். பெரிய மேடம் கையைக் கட்டிக்கொண்டு கதவருகில் வந்து நின்றார்.

சித்தி படிவத்தைப் பார்த்துப் படித்தாள். "நேத்து கண்ணுல ஏதாவது விட்டீங்களா அண்ணே?"

"இல்லம்மா." அவர் கொஞ்சம் யோசித்தார். "இந்தத் தடவ நீங்க ஒண்ணும் விடச் சொல்லலையே."

கிராம்பு உடையும் சத்தம் எனக்கே கேட்டது.

அவர் தலையைச் சாய்த்து மேலே பார்த்தார். சித்தி குனிந்து, குழாயைக் கண்ணோரத்தில் வைத்தாள். ஈரம் மெதுவாக ஏறத் தொடங்கியது. கோட்டுக்குப் பாதி தூரம் வரும்போது அவள் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. முழங்கால் நாற்காலியில் சாய்ந்திருந்ததால் நாற்காலியும் குலுங்கியது.

"என்னம்மா, சேர் ஆடுது?"

"கீழ லாரி போகுது அண்ணே. மேலயே பாருங்க."

"லாரிக்கு இப்படி ஆடாதே. போல்ட் லூசா இருக்கும். முடிஞ்சதும் பாத்துத் தரேன்."

பெரிய மேடம் சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை வாழ்க்கையிலேயே முதல் தடவை பார்ப்பதுபோல் படிக்க ஆரம்பித்தார். அவர் காது சிவந்திருந்தது. சித்தியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கழுத்து, தோள், முழங்கால் எல்லாம் ஆடின. குழாயைப் பிடித்த இரண்டு விரல் மட்டும் அசையவில்லை. ஈரம் அதன் போக்கில் ஏறி, கறுப்புக் கோட்டைத் தொட்டது.

அவள் மூடி போட்டாள். எண் எழுதிய சீட்டை ஒட்டினாள். ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மெக்கானிக் எழுந்து நாற்காலிக்கு அடியில் போல்ட் தேடப் போனதும், சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து, சத்தமே வராமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் கையை மேலே நீட்டி, மேசையிலிருந்து ஒரு புதுக் குழாயை எடுத்து, தன் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டாள்.