ஜெபராணி பார்க்கிற புள்ளிகள்

கருமத்தம்பட்டியில் தறிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் பக்கம் போய் ஜெபராணி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். 'காலைல வெயில்ல பொண்ண நிக்க வெச்சு முதுகையே பாத்துட்டு இருக்குமே, அந்தம்மா' என்று சொல்லிப் பாருங்கள், கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கேலியாகச் சொல்கிறவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் பட்டதில் கால்வாசி பட்டிருந்தால் அவர்களுக்கு வாயே திறந்திருக்காது.

அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்க்கிற வேலைதான். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த உருப்படியை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, உள்பக்கம் திருப்பி, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்த இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். கடுகளவு பொட்டுக்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. ஏசுவடியானைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த பிறகும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஏசுவடியான் விசைத்தறி ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். தறிச் சத்தத்திலேயே நின்று நின்று காது கொஞ்சம் மந்தம். டீனா பிறந்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது குடும்பம்.

டீனாவுக்கு நாலு வயதாகும்போது காலில் அங்கங்கே நீலமாகக் கன்றிய தடங்கள் தெரிந்தன. முதலில் பார்த்தது ஜெபராணிதான். "எங்காச்சும் உழுந்திருப்பா, விடு" என்றான் ஏசுவடியான்.

"உழுந்த அடி இப்படி இருக்காதுங்க. நானும் ஒரு வாரமாப் பாக்கறேன், ஒன்னு போனா இன்னொன்னு வருது."

கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் என்றார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குணமாகிவிடுகிற வகைதான், ஆனால் கீமோ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார் டாக்டரம்மா. ஜெபராணி அன்றைக்கே வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. டீனாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வாயெல்லாம் புண். ஏசுவடியான் தறியிலிருந்து வந்தால் பஞ்சுத் தூசியோடு உள்ளே கால் வைக்க முடியாது. வெளிக்குழாயில் குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் மகளைத் தொடலாம். சபையிலிருந்து ஜெபக்குழுப் பெண்கள் வந்தார்கள், குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டுமாம். "கர்த்தருக்கு ஜன்னல் வழியாவும் கேக்கும், அங்கயே நின்னு ஜெபம் பண்ணுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள் ஜெபராணி. வீட்டுக்காரம்மா பத்மாவதி ஒருநாள் தும்மிக்கொண்டே வாசல்படி ஏறியதற்கு அவள் போட்ட சத்தத்தில் லைன் முழுக்க வெளியே வந்து நின்றது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மருந்து கெட்டதோடு சேர்த்து நல்லதையும் கொன்றுவிடும், குழந்தையின் உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அதிலும் ஒன்றை டாக்டரம்மா அழுத்திச் சொல்லியிருந்தார். "அம்மை போட்ட குழந்தைகிட்ட மட்டும் விட்டுடாதீங்க. தெரியாம பக்கத்துல இருந்துட்டான்னு வைங்க, தெரிஞ்ச உடனே ஓடி வந்துடணும். அதுக்கு ஒரு ஊசி இருக்கு. நாள் கடந்துட்டா அந்த ஊசியால பிரயோஜனம் கிடையாது."

டீனா இருந்த வார்டிலேயே ஒரு குழந்தை அம்மை வந்து போய்ச் சேர்ந்தது. அதன் தாய் வெறும் கட்டிலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்ததை ஜெபராணி கண்ணால் பார்த்தாள். ஊர் திரும்பியதும் லைனில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். "உங்க ஊட்டுல யாருக்காச்சும் அம்மை போட்டா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டியவள் அன்புக்கரசி.

அன்புக்கரசி பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். சொந்த ஊர் காரமடை. நல்லவள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஜெபராணி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இந்த வீட்டுக்கும் தண்ணீர் பிடித்து வைத்தவள் அவள்தான். அவள் மகள் லோகப்பிரியா டீனாவைவிட ஒரு வயது பெரியவள். அவளும் வராவிட்டால் டீனா பைத்தியமாகிவிடுவாள் என்று ஜெபராணி ஜன்னலுக்கு வெளியே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று விளையாட விட்டாள். லோகப்பிரியா டீச்சர், டீனா பிள்ளை. பாடம் சூடு பிடித்தால் டீச்சர் கோட்டைத் தாண்டி வந்து ஜன்னல் கம்பியில் தொங்குவாள். அன்புக்கரசியே பார்த்துவிட்டுக் காதைத் திருகி இழுத்துப் போவாள்.

ஒருநாள் டீச்சர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"புள்ளைய எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டனுங்க்கா. காரமடைக்கு" என்றாள் அன்புக்கரசி, குழாயடியில், குடத்தைப் பார்த்துக்கொண்டே.

அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை முனகுகிற மாதிரி ஜெபராணிக்குக் கேட்டது. புருஷனிடம் சொன்னாள். அவனுக்கு அந்தக் காதில் என்ன கேட்கப்போகிறது? "டிவியா இருக்கும் அம்மணி" என்றான். ஆஸ்பத்திரிச் சத்தம்தான் நம் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது போலிருக்கிறது என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரு காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தாள். அன்புக்கரசி வீட்டு முன்னால் வெயிலில் ஒரு பெரிய அண்டா இருந்தது. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மேலே வேப்பிலை மிதந்தது.

அதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அம்மை இறங்கின பிறகு தலைக்கு ஊற்றுகிற தண்ணீர் அது. பால் பாக்கெட் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

"அன்பு! யாருக்குடி தண்ணி ஊத்தறே?"

அன்புக்கரசி வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. "ஆத்தா எறங்கிட்டாங்க்கா. இன்னைக்குத்தான் மொதத் தண்ணி."

"எப்பப் போட்டுச்சு?"

 ஜெபராணி அவளைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு மேலே விட்டத்தில் காய்ந்துபோன வேப்பங்கொத்து தொங்கியது. அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவதுதான் வழக்கம், ஊர் பார்த்து ஒதுங்கிப் போகும். அன்புக்கரசி அதை வாசலில் செருகாமல் உள்ளே கட்டியிருந்தாள். கொத்துக்குக் கீழே, பொருக்குத் தட்டின முகத்தோடு, லோகப்பிரியா படுத்திருந்தாள்.

"ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தைடி! கைய எடுத்துக் கும்புட்டுக் கேட்டனே, ஒரு வார்த்தை!"

அன்புக்கரசி சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. தெய்வம் வந்திருக்கிறதை வெளியே பேசக்கூடாது என்று பயந்தாளோ, ஒன்றும் ஆகாது என்று நம்பினாளோ, யார் கண்டது? ஜெபராணி மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஊசிக்கு நாள் போயிடுச்சும்மா. மருந்து தர்றேன். கீமோவை நிறுத்தி வைக்கிறோம். மூணு வாரம் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். ஒரே ஒரு புள்ளி தெரிஞ்சாலும் நேரா இங்க வந்துடுங்க."

கீமோவைக் கொடுத்தால் அம்மை கொல்லும். கொடுக்காவிட்டால் பழைய நோய் தலைதூக்கும். இரண்டுக்கும் நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு என்ன பெயர் சொல்வது? நரகம் என்று சொல்லலாம், அதற்கு மேல் நமக்கு வார்த்தை தெரியாது.

ஜெபராணி காலையிலும் மாலையிலும் டீனாவின் துணியைக் கழற்றி வெயில் விழுகிற இடத்தில் நிறுத்தினாள். காதுக்குப் பின்னால், மொட்டைத் தலையில், கக்கத்தில், கால்விரல் இடுக்கில். கொசுக்கடி ஒன்றைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடித் திரும்பினாள். வேர்க்குருவுக்கு இன்னொரு முறை. புள்ளி போட்ட கவுனையெல்லாம் மூட்டை கட்டி வெளியே போட்டாள். கண்ணை மூடினால் வெள்ளைத் துணியில் சிவப்புச் சிவப்பாக விழுந்துகொண்டே இருந்தது. சோற்றைப் பிசைந்தால் அதிலும் தேடினாள்.

ஒருநாள் ஏசுவடியான் குளித்துவிட்டு உள்ளே வந்தபோது டீனா சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் நீல வட்டங்கள். பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு மச்சத்தையும், ஒவ்வொரு தழும்பையும் சுற்றி வட்டம் போட்டிருந்தாள் ஜெபராணி.

"என்ன பண்ணிப்போட்டே, ஜெபா?"

"இதெல்லாம் பழசுங்க. வட்டம் இல்லாதது ஏதாச்சும் தெரிஞ்சா அதுதான் புதுசு. தப்பாதில்லீங்க?"

அந்த மனுஷன் அப்படியே உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். டீனா தன் வயிற்றிலிருந்த வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

புள்ளி வரவில்லை. மூன்று வாரம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று, ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. கீமோ திரும்பத் தொடங்கியது. அதற்குள் அன்புக்கரசி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டாள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சொல்லிக்கொள்ள எந்த முகத்தோடு வருவாள்?

மருந்தெல்லாம் முடிந்து டீனாவுக்கு முடி சுருட்டை சுருட்டையாக முளைத்தது. "இனிமே இவளும் மத்த குழந்தைங்க மாதிரிதான். அம்மையே வந்தாலும் சமாளிச்சுக்குவா. ஆனா வந்தா உடனே கூட்டிட்டு வாங்க, மருந்து சீக்கிரம் ஆரம்பிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. ஏசுவடியான் வழியிலேயே இறங்கிக் கேக் வாங்கினான்.

ஜெபராணியின் கண்தான் நிற்கவில்லை. இன்றைக்கு டீனாவுக்கு எட்டு வயது, மூன்றாவது படிக்கிறாள். காலையில் யூனிபார்ம் போடுவதற்கு முன்னால் வெயிலில் வந்து நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, தானே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் குடியில்லை, பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் சில மத்தியானங்களில் அங்கே முனகல் கேட்கிறது என்பாள் ஜெபராணி. பாத்திரம் தேய்த்துக்கொண்டே தனியாகக் கேட்பாள்: "சொல்லியிருந்தா என்னடி? சொல்றதுக்கு என்னடி உனக்கு?" பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

போன வாரம் டீனா ஒரு சாயங்காலம் தானே குளித்துக்கொள்கிறேன் என்றாள். மறுநாள் காலை வெயிலுக்கும் வரவில்லை. "நானே பாத்துட்டேன்மா. ஒன்னும் இல்ல."

"வா கண்ணு, ஒரு நிமிஷம்."

"எனக்கு வெக்கமா இருக்கு."

"உடு ஜெபா, வளர்ற புள்ளை" என்றான் ஏசுவடியான். ஜெபராணியும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டாள். மத்தியானம் டீனாவின் சிம்மிசைத் துவைக்க எடுத்தபோது உள்பக்கமெல்லாம் பவுடர் அப்பியிருந்தது. கழுத்துக்குப் போடுகிற பவுடர் வயிற்றுப் பக்கம் எதற்கு வந்தது? பழைய பழக்கத்தில் அவள் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பவுடருக்கு நடுவே, சின்னதாக, நீர் கசிந்து காய்ந்த கறை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவளின் சட்டையைத் தூக்கினாள். பவுடரைத் துடைத்தாள். சிவப்பாக நாலைந்து. ஒன்றில் நீர் கோத்திருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"நேத்து."

"ஏன் சாமி சொல்லல? இத்தனை நாளு அம்மா இதுக்குத்தானே பாத்தேன்? ஏன் சொல்லல?"

டீனா தரையைப் பார்த்தாள். "சொன்னா உனக்கு மூஞ்சி மாறிப்போகும்மா. இப்ப இருக்கற மாதிரி. அதப் பாத்தாத்தான் எனக்கு பயமா இருக்கு. ஊசியெல்லாம் பயமில்ல."

 'ஏன் சொல்லல' என்பது எத்தனை வருஷமாக ஜெபராணி அந்தப் பூட்டிய வீட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி. ஏசுவடியான் ஆட்டோ கூப்பிட ஓடினான்.

"இன்னும் எங்கெங்க இருக்குது, சொல்லு."

"நீ மொதல்ல பயப்படாத. அப்பறம் சொல்றேன்."

ஜெபராணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தப் பார்வைக்கு எதுவும் தப்பாது என்று ஜெபராணிக்குத் தெரிந்தது.

"பயப்படலீங்க அம்மணி. சொல்லுங்க" என்றாள். சுத்தப் பொய்.

 டீனா திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.